முதலெழுத்துகளால் எழுதுவோர் கவனத்துக்கு

வங்கிகள், மருத்துவமனைகள், ரயில்வே, அரசு அலுவலகங்கள் ஆகியவற்றில் பொதுமக்கள் படிப்பதற்கென்று எழுதுகிற அனைவருக்கும்,



நீண்ட பெயர் ஒன்றிலுள்ள சொற்களின் முதலெழுத்துகளை மட்டும் எடுத்துக் கோத்தால் கிடைப்பது முதலெழுத்துச் சுருக்கம். இன்றைய ஆங்கிலத்தில் இது இரண்டு விதமாக வழங்குகிறது. பி.பி.சி., ஏ.டி.எம்., யு.பி.ஐ. போன்றவற்றை எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டும். நாசா, யுனெஸ்கோ, இஸ்ரோ, நீட் போன்றவை ஒரே சொல்லாகச் சேர்ந்து ஒலிக்கும். அகராதிக்காரர்களில் கறாரானவர்கள் இவ்விரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துப் பிரிக்கிறார்கள். பேச்சு வழக்கில் அந்தப் பிரிவினை நிலைப்பதில்லை. இரண்டும் ஒரே பெயரால்தான் குறிக்கப்படுகின்றன. இம்மடலிலும் அப்படியே.

எது எப்படி உச்சரிக்கப்படும் என்பதற்கு உறுதியான விதி கிடையாது. இடையில் உயிரெழுத்து அமைந்து நாவுக்கு இசைந்தால் பெரும்பாலும் சொல்லாகிவிடும். யு.பி.ஐ.யைச் சேர்த்துச் சொல்லத் தடையேதும் இல்லாதபோதும் யாரும் அப்படிச் சொல்வதில்லை. வங்கிக் கவுன்ட்டரில் என்.இ.எஃப்.டி. 'நெஃப்ட்' ஆகிவிடுகிறது, அதே படிவத்தில் பக்கத்துக் கட்டத்தில் இருக்கும் ஆர்.டி.ஜி.எஸ். எழுத்தெழுத்தாகவே நிற்கிறது. பாதி எழுத்தும் பாதிச் சொல்லுமாக ஒலிக்கும் ஜேபெக் போன்றவையும் உண்டு. முழுப்பெயரின் எல்லாச் சொல்லுக்கும் சுருக்கத்தில் இடம் கிடைத்துவிடுவதும் இல்லை. நேஷனல் எலிஜிபிலிட்டி கம் என்ட்ரன்ஸ் டெஸ்ட் என்பதில் 'கம்' கழன்றால்தான் நீட் வரும்.

உச்சரிப்பு முறை ஆங்கில இலக்கணத்தையும் தீர்மானிக்கிறது. சுருக்கத்துக்கு முன்னால் 'எ' வருமா 'ஆன்' வருமா என்பது எழுத்தைப் பொறுத்ததல்ல, ஒலியைப் பொறுத்தது. எம்.பி. என்பதன் முதல் ஒலி உயிரொலி என்பதால் 'ஆன் எம்.பி.', நாசா சொல்லாக ஒலிப்பதால் 'எ நாசா விஞ்ஞானி'. அமைப்புகளின் பெயர்களில் எழுத்தெழுத்தாகச் சொல்வனவற்றுக்கு முன்னால் பெரும்பாலும் 'தி' சேரும்: தி பி.பி.சி., தி யு.என். சொல்லாக ஒலிக்கும் நாசாவுக்கும் நேட்டோவுக்கும் அது சேராது. பிரிட்டிஷ் நாளேடுகள் சில, சொல்லாக ஒலிப்பவற்றின் முதலெழுத்தை மட்டும் பெரிதாக அச்சிடுகின்றன. அமெரிக்காவில் எல்லா எழுத்துகளையும் பெரிதாக இடுவதே மிகுதி. பன்மைக்கு எஸ் மட்டும் போதும், மேற்குறி தேவையில்லை. எழுத்துகளுக்கிடையே புள்ளி வைக்கும் வழக்கம் நாளுக்கு நாள் குறைந்து வருகிறது.

சுருக்குவது பழைய வழக்கம். ரோமானியர்கள் 'செனட்டும் ரோமானிய மக்களும்' என்ற தம் ஆட்சிப் பெயரைக் கல்லிலும் காசிலும் எஸ்.பி.க்யூ.ஆர். என்று நான்கே எழுத்தில் பொறித்தார்கள். கல்லில் இடம் குறைவு, உழைப்பு அதிகம். கடிகாரத்தில் இன்றும் வழங்கும் ஏ.எம்., பி.எம். இரண்டும் நண்பகலுக்கு முன், நண்பகலுக்குப் பின் என்று பொருள்படும் லத்தீன் தொடர்களின் எச்சம். இலங்கைத் தமிழ் ஏடுகள் இவற்றை மு.ப., பி.ப. என்று எழுதுகின்றன.

பிறகு சுருக்கத்துக்குக் காசும் ஒரு காரணமாயிற்று. தந்தியில் சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம். செய்தி நிறுவனங்களின் தந்தியாளர்களுக்காக அமெரிக்காவில் வால்டர் பிலிப்ஸ் 1879இல் ஒரு சுருக்கத் தொகுதியையே வெளியிட்டார். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தை ஸ்கோட்டஸ் என்று இன்று செய்தியாளர்கள் சொல்வது அதிலிருந்து வந்தது. சிக்கனத்துக்குத் துளியும் தொடர்பில்லாமல் வெறும் விளையாட்டாகப் பிறந்த ஒன்றும் உண்டு, உலகிலேயே மிகுதியாகப் புழங்குவதும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். 1830களின் இறுதியில் பாஸ்டன் பத்திரிகைக்காரர்களிடையே சொற்களை வேண்டுமென்றே பிழையாக எழுதி, அந்தப் பிழையைச் சுருக்கும் மோகம் பரவியிருந்தது. 'எல்லாம் சரி' என்று பொருள்படும் 'ஆல் கரெக்ட்' என்பதை 'ஓல் கொரெக்ட்' என்று திரித்து, 1839 மார்ச் 23 அன்று பாஸ்டன் மார்னிங் போஸ்ட் ஓ.கே. என்று அச்சிட்டது. அடுத்த ஆண்டு அதிபர் தேர்தலில் மார்ட்டின் வான் பியூரனின் ஆதரவாளர்கள் அவருடைய சொந்த ஊரான கிண்டர்ஹுக்கை வைத்து 'ஓல்ட் கிண்டர்ஹுக்' என்ற பட்டப்பெயரின் சுருக்கமாக அதே எழுத்துகளைப் பிடித்துக்கொண்டார்கள். மற்ற விளையாட்டுச் சுருக்கங்கள் மறைந்துபோக, இது மட்டும் தங்கிவிட்டது. மொழியறிஞர் ஆலன் வாக்கர் ரீட் 1960களில் பழைய நாளிதழ்களைத் துருவித்தான் இந்த வரலாற்றை நிலைநாட்டினார்.

வெள்ளமாகப் பெருகியது இருபதாம் நூற்றாண்டில். 1933இல் அதிபராகப் பதவியேற்ற ரூஸ்வெல்ட் பொருளாதார மந்தத்தைச் சமாளிக்க அடுக்கடுக்காக அமைப்புகளைத் தொடங்க, டி.வி.ஏ., சி.சி.சி., டபிள்யூ.பி.ஏ. என்று அமெரிக்க நாளிதழ்கள் எழுத்துகளால் நிரம்பின. இரண்டாம் உலகப் போர் அதை இன்னும் கூட்டியது. ரேடியோ அலையால் பொருளைக் கண்டறிந்து தொலைவை அளக்கும் கருவிக்கு அமெரிக்கக் கடற்படை 1940இல் ரேடார் என்று பெயர் சூட்டியது. அதே கடற்படையின் தலைமைத் தளபதி பதவிக்கு அப்போது வழங்கிய சுருக்கம் 'சிங்கஸ்'. ஆங்கிலக் காதுக்கு அது 'எங்களை மூழ்கடி' என்று ஒலிக்கும். 1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகத்தில் கப்பல்கள் உண்மையிலேயே மூழ்கிய பிறகு, புதிதாகப் பொறுப்பேற்ற அட்மிரல் கிங் முதலில் செய்த மாற்றங்களில் ஒன்று அந்தச் சுருக்கத்தைத் தூக்கி எறிந்து 'காமின்ச்' என்று வைத்துக்கொண்டது. சுருக்கம் எப்படி ஒலிக்கிறது என்று யோசிக்காமல் அமைத்தவர்களுக்குப் பிற்காலத்தில் நேர்ந்த சங்கடங்களில் இது பெரியது.

சில சுருக்கங்கள் தம் முழுப்பெயரை உதறிவிட்டுத் தனிச் சொல்லாகி வாழ்கின்றன. ரேடார் அப்படிப்பட்டது. 1957இல் கார்டன் கௌல்ட் தம் குறிப்பேட்டில் எழுதிய லேசரும், 1950களில் பரவிய நீர்மூழ்கு மூச்சுக்கருவியின் பெயரான ஸ்கூபாவும் அவ்வாறே. லேசர் சிகிச்சைக்குப் போகிறவருக்கோ செய்கிறவருக்கோ அந்த ஐந்து எழுத்துகளின் விரிவு நினைவில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. முழுப்பெயர் மாறிய பிறகும் சுருக்கம் மட்டும் நின்றுவிடுவதும் நடக்கிறது. 1946இல் தொடங்கிய யுனிசெஃப் தன் முழுப்பெயரிலிருந்து 'சர்வதேச', 'அவசர' என்ற இரு சொற்களை 1953இல் நீக்கிவிட்டது. அவற்றின் எழுத்துகளோ சுருக்கத்தில் இன்றும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் இதற்கு இணை ஈ.பி. எலெக்ட்ரிசிட்டி போர்டு என்ற மின்சார வாரியம் 2010இல் பிரிக்கப்பட்டுப் புதிய நிறுவனங்கள் வந்தன. ஆனால் 'ஈ.பி. கட்டியாச்சா?', 'ஈ.பி.காரர் வந்தாரா?' என்ற பேச்சில் மாற்றமில்லை. அங்கே ஈ.பி. என்பது வாரியம் மட்டுமல்ல. கட்டணமும் அதுதான், மீட்டரும் அதுதான், மின்சாரமும் அதுதான். 1971இல் வந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் சுருக்கமான மிசாவும் நெருக்கடிநிலைக் காலத்தில் தமிழுக்குள் நுழைந்து, சட்டம் நீக்கப்பட்டுப் பல பத்தாண்டுகள் ஆன பின்னும் சிறை சென்றவர்களின் பெயருக்கு முன்னால் அடைமொழியாக நிற்கிறது.

பெயரை முதலில் முடிவு செய்துவிட்டு அதற்கேற்பச் சொற்களைத் தேடிப் பொருத்தும் வழக்கமும் இப்போது பரவலாகிவிட்டது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் வந்த சட்டத்தின் பெயர் 'யு.எஸ்.ஏ. பேட்ரியாட்', நாட்டுப்பற்றாளர் என்று பொருள். பத்துச் சொற்களை இழுத்துக் கட்டி அந்தப் பெயரை வரவழைத்தார்கள். இந்திய அரசின் நகர்ப்புறத் திட்டமான அம்ருத்தும் இதே முறையில் அமைந்ததுதான். இத்தகைய பெயர் எதைச் செய்யப்போகிறது என்று சொல்வதைவிட எப்படி உணர வேண்டும் என்று சொல்வதிலேயே முனைப்பாக இருக்கிறது. சட்டத்துக்கு அப்படிப் பெயரிடுவது நல்ல வழக்கமல்ல.

பிறந்த கதை தெரியாத சொற்களுக்கு முதலெழுத்துக் கதை கட்டுவதும் ஆங்கிலத்தில் நெடுநாள் பழக்கம். நியூஸ் என்பது நான்கு திசைகளின் முதலெழுத்து என்பார்கள். அது புதியவை என்ற பொருளில் வந்த சாதாரணப் பன்மைச் சொல். கப்பலிலிருந்து அனுப்பும் எஸ்.ஓ.எஸ். 'எங்கள் உயிரைக் காப்பாற்றுங்கள்' என்பதன் சுருக்கம் என்று பலரும் சொல்வார்கள். மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி என்ற அந்த மோர்ஸ் குறி தெளிவாகக் கேட்கும் என்பதற்காக மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1906இல் பெர்லின் மாநாடு அதை ஏற்றது. 1908 முதல் நடைமுறைக்கு வந்தது. விரிவு பின்னால் ஒட்டப்பட்டது.

கைப்பேசி வந்த பிறகு சுருக்கம் பேச்சுக்குள் புகுந்தது என்பது பொதுவான எண்ணம். ஓ.எம்.ஜி. அதைவிடப் பழையது: பிரிட்டிஷ் கடற்படையின் முன்னாள் தளபதி ஃபிஷர் 1917இல் சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்திலேயே இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதி அதையும் எல்.ஓ.எல்.லையும் 2011இல் ஏற்றுக்கொண்டது. இரண்டாவதைச் சத்தமாகச் சிரிப்பதற்கு இளையவர்கள் பயன்படுத்த, 'நிறைய அன்பு' என்று எண்ணி இரங்கல் செய்தியின் அடியில் எழுதிய மூத்தவர்கள் உண்டு. பிரிட்டிஷ் பிரதமராக இருந்த டேவிட் கேமரனும் அதை அன்பு என்றே நினைத்துக் குறுஞ்செய்திகளில் எழுதிவந்தார் என்பது 2012இல் ஒரு விசாரணை ஆணையத்தின் முன் வெளிவந்தது. அலுவலக மின்னஞ்சலில் புழங்கும் எஃப்.ஒய்.ஐ., ஏ.எஸ்.ஏ.பி., இ.ஓ.டி. ஆகியவையும், இந்தியாவில் மிகுதியாக வழங்கும் பி.எஃப்.ஏ.வும் — இணைப்பைப் பார்க்கவும் என்பதன் சுருக்கம் — ஒரே அலுவலகத்துக்குள் இருக்கும் வரை தொந்தரவில்லை.

சுருக்கத்தின் பயனும் கேடும் இந்த இடத்தில்தான் பிரிகின்றன. எழுதுபவரும் படிப்பவரும் ஒரே தொழிலில், ஒரே பழக்கத்தில் இருந்தால் சுருக்கம் நேரத்தை மிச்சப்படுத்தும். அறுவை அரங்கிலும் விமான ஓட்டி அறையிலும் அது இல்லாமல் வேலை ஓடாது. அந்த வட்டத்துக்கு வெளியே அது போகும்போது, எழுதியவர் மிச்சப்படுத்திய நேரத்தைப் படிப்பவர் பல மடங்காகச் செலவிட வேண்டியிருக்கிறது. படிப்பவர் ஒருவராக இல்லாமல் பல்லாயிரம் பேராக இருக்கும்போது அந்தக் கணக்கு இன்னும் மோசம்.

ஒரு சாதாரண வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். வங்கி பாஸ்புக்கில் வட்டிக்குக் கீழே டி.டி.எஸ். என்று ஒரு கழிவு இருக்கும்: பணம் கைக்கு வருமுன்பே பிடித்துக்கொண்ட வருமான வரி. சமையலறைக் குடிநீர்க் கருவியைப் பழுதுபார்க்க வருபவர் பேனா போன்ற ஒன்றைத் தண்ணீரில் நனைத்து டி.டி.எஸ். இவ்வளவு என்பார்: தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு. மேசை மீதிருக்கும் மருந்துச் சீட்டில் மாத்திரையின் பெயருக்கு எதிரே டி.டி.எஸ்.: நாளுக்கு மூன்று வேளை, லத்தீன். மூன்றுக்கும் ஒன்றோடொன்று எந்த உறவும் இல்லை. மூன்றையும் தெரிந்துவைத்திருப்பது அந்த வீட்டுக்காரரின் பொறுப்பு என்று மூன்று துறைகளும் தனித்தனியே நினைத்துக்கொள்கின்றன.

ஓ.டி. இன்னும் நெருடலானது. கல்லூரி மாணவருக்கு அது வகுப்புக்குப் பதில் வேறு பணிக்குச் செல்ல அனுமதி. கடைக்காரருக்கு இருப்புக்கு மேல் பணம் எடுக்கும் வங்கி வசதி. பொது மருத்துவர் சீட்டில் எழுதினால் நாளுக்கு ஒரு வேளை. கண் மருத்துவர் எழுதினால் வலது கண். அவசரப் பிரிவில் சொன்னால் அளவுக்கு மீறி மருந்து உட்கொண்ட நிலை. கடைசி மூன்றும் ஒரே மருத்துவமனைக் கட்டடத்துக்குள் வாழ்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும்.

மருந்துச் சீட்டைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும், ஏனென்றால் அங்கே பிழையின் விலை உடம்பில் விழுகிறது. ஒரு வழக்கமான சீட்டில் மருந்தின் பெயர், மில்லிகிராம், அதன் பின் பி.டி. அல்லது டி.டி.எஸ்., அதன் பின் ஏ.சி. அல்லது பி.சி., கடைசியில் எத்தனை நாள் என்று இருக்கும். பி.டி. இரு வேளை. ஏ.சி. சாப்பாட்டுக்கு முன், பி.சி. சாப்பாட்டுக்குப் பின். எச்.எஸ். படுக்கப் போகும்போது. வலி மாத்திரைக்கு எதிரே எஸ்.ஓ.எஸ். என்று இருந்தால் 'தேவைப்பட்டால் மட்டும்'. இதன் மூலம் லத்தீன் தொடர். மூழ்கும் கப்பலின் குறியோடு எழுத்துதான் ஒன்று, பொருள் ஏறக்குறைய எதிர். ஆபத்துக் குறி என்று மட்டும் அதை அறிந்த ஒருவர் அவசரமாகச் சாப்பிட வேண்டிய மருந்து என்று எடுத்துக்கொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது.

அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன், எழுதவே கூடாத சுருக்கங்களின் பட்டியலை 2004இல் கொண்டுவந்தது. யூனிட் என்பதற்கு 'யு' என்று எழுதக் கூடாது: கையெழுத்தில் அது சுழியமாகத் தெரிந்தால் 10 யூனிட் இன்சுலின் 100 ஆகிவிடும். தினமும் ஒரு வேளை என்பதன் க்யூ.டி.யும், ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதன் க்யூ.ஓ.டி.யும் ஒன்று மற்றொன்றாகப் படிக்கப்படும் என்பதால் இரண்டும் விலக்கப்பட்டன. எம்.எஸ். என்றால் மார்ஃபின் சல்ஃபேட்டா, மக்னீசியம் சல்ஃபேட்டா என்று தெரியாது என்பதால் அதுவும் விலக்கு. பட்டியலில் இருப்பவை எல்லாம் மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் என்று தொழில் அறிந்தவர்களுக்கிடையே மட்டும் போய்வரும் எழுத்துகள். அவர்களுக்கே சுருக்கம் ஆபத்து என்று ஒதுக்கியிருக்கும்போது, அதே வகைச் சுருக்கத்தை நோயாளியின் கையில் கொடுத்தனுப்புவதற்கு நியாயம் இல்லை. தமிழ்நாட்டு மருந்துக் கடைகளில் காலை, மதியம், இரவு என்று அச்சிட்ட சிறு உறைகளில் குறியிட்டுத் தருவதும், சீட்டிலேயே 1-0-1 என்று எழுதுவதும் லத்தீனும் ஆங்கிலமும் தெரியாதவருக்கும் விளங்கும் முறைகள். கடைக்காரர் செய்யும் மொழிபெயர்ப்பை நம்பித்தான் மருத்துவரின் லத்தீன் இதுவரை பெரிய சேதமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

ரயில் பயணச்சீட்டும் இதே வகை. பி.என்.ஆர். பத்து இலக்க எண். பயணியின் பெயர்ப் பதிவைக் குறிக்கும் அது விளங்காவிட்டாலும் எண் என்று தெரிந்தால் போதும். ஆனால் அதன் கீழே வரும் எழுத்துகளில்தான் ஒருவர் வீட்டைவிட்டுக் கிளம்பலாமா வேண்டாமா என்பது அடங்கியிருக்கிறது. சி.என்.எஃப். என்றால் படுக்கை உறுதி. ஆர்.ஏ.சி. என்றால் ரயிலில் ஏறலாம். பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கையில் இரண்டு பேர் உட்கார்ந்து போக வேண்டும், யாராவது ரத்து செய்தால் படுக்கை கிடைக்கும். டபிள்யூ.எல். என்றால் காத்திருப்புப் பட்டியல். இணையத்தில் எடுத்த சீட்டாக இருந்து, இறுதிப் பட்டியலுக்குப் பிறகும் அப்படியே நின்றால் அது தானாகவே ரத்தாகிப் பணம் திரும்பிவிடும், ஏற முடியாது. அந்தக் காத்திருப்பும் ஒரே வகையல்ல. ஜி.என்.டபிள்யூ.எல். பொதுப் பட்டியல், ஆர்.எல்.டபிள்யூ.எல். வழியிலுள்ள ஊர்களுக்கான தனி ஒதுக்கீட்டின் பட்டியல், உறுதியாகும் வாய்ப்பு பொதுவாகக் குறைவு. இரண்டு பேர் ஒரே எண்ணில் காத்திருந்து ஒருவருக்குக் கிடைத்து ஒருவருக்குக் கிடைக்காமல் போவதன் காரணம் அந்த இரண்டு எழுத்து மாற்றம். முதல்முறை தனியாகப் பயணம் செய்யும் மூதாட்டியிடம் 'ஏறலாம், உட்கார இடம் உண்டு' என்று சீட்டு சொல்லாமல் ஆர்.ஏ.சி. 14 என்று சொல்கிறது.

வங்கியில் நிலைமை இன்னும் கூர்மையானது. ஓ.டி.பி. என்பதன் விரிவிலேயே 'பாஸ்வேர்டு' என்ற சொல் இருக்கிறது. கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது இன்று பெரும்பாலோருக்குத் தெரியும். 'கார்டு பிளாக் ஆகப்போகுது, மொபைலுக்கு வந்த கடவுச்சொல்லைச் சொல்லுங்க' என்று ஒருவர் கேட்டால் எதிர்முனையில் ஒரு தயக்கம் எழும். 'ஓ.டி.பி. நம்பரைச் சொல்லுங்க' என்றால் அது வெறும் எண்ணாகிவிடுகிறது, தயக்கத்துக்கு இடமில்லை. எச்சரிக்கை செய்யும் சொல்லைச் சுருக்கமே மறைத்துவிட்டது. மோசடிக்காரர்கள் விரும்பிப் பயன்படுத்தும் இன்னொன்று கே.ஒய்.சி. 2002இல் ரிசர்வ் வங்கி இது பற்றிய வழிகாட்டுதல்களை வங்கிகளுக்கு வகுத்துத் தந்தது. அதன் விரிவு 'உங்கள் வாடிக்கையாளரை அறிந்துகொள்ளுங்கள்'. வங்கியைப் பார்த்துச் சொல்லப்பட்ட கட்டளை அது. 'உங்கள் கே.ஒய்.சி.யை உடனே முடியுங்கள்' என்று வாடிக்கையாளருக்கே குறுஞ்செய்தி அனுப்பும்போது, விரித்தால் வாக்கியம் பொருளற்றுப் போகும் என்பதை அனுப்புகிறவரும் யோசிப்பதில்லை. அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் புதுப்பிக்க வேண்டும் என்று எழுதியிருந்தால், எதைக் கொண்டுபோக வேண்டும் என்பதாவது தெரிந்திருக்கும்.

ஆங்கிலச் சுருக்கத்தைத் தமிழெழுத்தில் எழுதும்போது ஒரு கூடுதல் சிக்கல் சேர்கிறது. ஆங்கிலத்தின் பி என்ற இரண்டாம் எழுத்தும் பதினாறாம் எழுத்தும் தமிழில் ஒன்றே. டி என்ற நான்காம் எழுத்தும் இருபதாம் எழுத்தும் அப்படியே. ஆங்கிலத்தில் தனித்தனியாக இருப்பவை தமிழில் ஒன்றாகிவிடுகின்றன. டி.டி. எடுத்து அனுப்பச் சொன்னால் வங்கி வரைவோலை, டி.டி. போட்டுக்கொள்ளச் சொன்னால் தனுர்வாத ஊசி, டி.டி. தமிழ் தொலைக்காட்சி. பி.டி. வாத்தியார் விளையாட்டு ஆசிரியர், பி.டி. உதவியாசிரியர் பட்டதாரி ஆசிரியர். இருவரும் ஒரே பள்ளியில் இருப்பார்கள். வயலில் பி.டி. பருத்தி, அந்த எழுத்துகள் ஒரு நுண்ணுயிரின் பெயரிலிருந்து வந்தவை. மருந்துச் சீட்டில் பி.டி. முன்பே சொன்னதுபோல் இரு வேளை. பேச்சில் சூழல் காப்பாற்றிவிடும். அறிவிப்புப் பலகையில் தனித்து நிற்கும்போது காப்பாற்ற யாரும் இல்லை.

நாவுக்கும் பெரிய ஆதாயம் இல்லை.  சுருக்கம் தாளில் இடத்தை மிச்சப்படுத்துகிறது. வாயில் எப்போதும் மிச்சப்படுத்துவதில்லை. பொருளை இரட்டிக்கவும் செய்கிறது. வாட் என்பதன் கடைசி எழுத்தும் ஜி.எஸ்.டி.யின் கடைசி எழுத்தும் வரியைத்தான் குறிக்கின்றன. ஆனாலும் வாட் வரி, ஜி.எஸ்.டி. வரி என்றே எழுதுகிறோம். பின் நம்பரும் எச்.ஐ.வி. வைரஸும் அப்படியே. இதைப் பிழையென்று திருத்தப் புறப்படுவது வீண்: எழுத்துகள் மட்டும் போதவில்லை, என்ன பொருள் என்று தெரிவிக்க ஒரு சொல் தேவைப்படுகிறது என்பதை மக்களே உணர்ந்து சேர்த்துக்கொண்ட விளக்கம் அது.

அறிவாளர்களுக்கிடையே மட்டும் புழங்கினால் சிக்கல் இல்லை என்பதும் முழு உண்மையல்ல. ஏட்ரியன் பார்னெட், ஸோயி டபுள்டே என்ற இரு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1950 முதல் 2019 வரை வெளிவந்த மருத்துவ, அறிவியல் கட்டுரைகளின் இரண்டு கோடியே நாற்பது லட்சம் தலைப்புகளையும் ஒரு கோடியே எண்பது லட்சம் சுருக்கவுரைகளையும் ஆராய்ந்து 2020இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சுமார் பதினொரு லட்சம் வெவ்வேறு முதலெழுத்துச் சுருக்கங்கள் அவற்றில் இருந்தன. அவற்றில் 79 விழுக்காடு பத்துமுறைக்கும் குறைவாகவே எழுதப்பட்டவை. அதாவது ஒருவர் உருவாக்கினார், மற்றவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்தாயிரம் முறைக்கு மேல் வந்தவை சுமார் இரண்டாயிரம் மட்டுமே. எல்லாவற்றிலும் முன்னால் நிற்பது டி.என்.ஏ. பெரும்பாலான சுருக்கங்கள் சுருக்கமாகவே வாழ்வதில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது கடினம்.

பொதுமக்களுக்கென்று எழுதும்போது செய்ய வேண்டியவை சிலவே. முதல்முறை வரும் இடத்தில் முழுப்பெயரைத் தமிழில் எழுதிப் பிறகு சுருக்கத்தைத் தர வேண்டும்; ஒருமுறை மட்டுமே வருமென்றால் சுருக்கமே தேவையில்லை. ஆங்கில முழுப்பெயரை அப்படியே தமிழெழுத்தில் பெயர்த்துவைப்பது விரித்தல் ஆகாது. அளவு, வேளை, ஆபத்து, கடைசி நாள், பணம் ஆகியவற்றைச் சொல்லும் இடங்களில் சுருக்கத்துக்கு இடமே கூடாது. குறுஞ்செய்தியில் இடம் போதாதென்றால் வெட்ட வேண்டியது வாழ்த்தும் விளம்பரமும், செய்தியல்ல.

விரிவு எல்லா இடத்திலும் விளக்கமாகிவிடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஐ.எஃப்.எஸ்.சி.யை விரித்தால் 'இந்திய நிதி அமைப்புக் குறியீடு' என்று வரும். படிவம் நிரப்புகிறவருக்கு அதனால் ஒன்றும் தெரியப்போவதில்லை. உங்கள் வங்கிக் கிளையைக் குறிக்கும் எழுத்தும் எண்ணுமாகப் பதினோரு இடம் கொண்ட குறியீடு, முதல் நான்கு எழுத்து, ஐந்தாவது சுழியம், காசோலையில் அச்சாகியிருக்கும் என்றால் தெரியும். டி.என்.ஏ.யின் முழுப்பெயர் அதைவிடக் கடினம். மரபுப் பண்புகளைத் தாங்கும் மூலக்கூறு என்பதே போதும். பத்திரப்பதிவு அலுவலகத்தில் ஈ.சி. போடச் சொன்னால் வில்லங்கச் சான்று என்ற நல்ல பெயர் ஏற்கெனவே இருக்கிறது, அதை எழுதலாம். சிம், ரேடார், லேசர், எய்ட்ஸ் போன்றவை தமிழில் சொல்லாகவே வேரூன்றிவிட்டதால் அவற்றை விரிப்பதுதான் குழப்பம்.

தமிழ்ச் சுருக்கங்களுக்கும் இவை அனைத்தும் பொருந்தும். அட்டவணையில் வ.எண் என்றால் வரிசை எண் என்று பெரும்பாலோருக்கு விளங்கிவிடும். த.பெ. ஓரிடத்தில் தந்தை பெயர், இன்னோரிடத்தில் தபால் பெட்டி. அரசுக் கடிதத்தின் தலைப்பில் இருக்கும் ந.க.எண், நடப்புக் கணக்கு எண் என்பதன் சுருக்கம்; அலுவலகத்துக்குள் கோப்பைத் தேட அது வேண்டும், மனுதாரருக்கு விளங்கத் தேவையில்லை. ஆனால் பதில் எழுதும்போது ந.க.எண்ணைக் குறிப்பிடவும் என்று அவரிடமே கேட்கும் கடிதத்தில் மட்டும், 'இக்கடிதத்தின் மேலே இடப்பக்கம் உள்ள எண்' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும்.